தினமும் ரொட்டி

"தட்டுல என்ன மிச்சம்? அந்தத் துண்டையும் வாயில போடு."

மாமியார் இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். மருமகள் ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"போதும் அத்தை. ரத்தம்தான் குடுத்தாச்சே. இன்னைக்கு ரிசல்ட்டே சொல்லிடுவாங்க."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க..."

"அப்புறம் என்ன? சாப்பிடு."

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்த கணவன் சிரித்தான். "ஜெயில்லகூட இவ்வளவு கெடுபிடி இருக்காதும்மா!"

"நீ வாயை மூடுடா. எங்க காலத்துல தைராய்டாவது, மண்ணாவது!"

மருமகள் மென்று விழுங்கினாள்.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. ஒரு வருடமாகக் குரல் கட்டிப்போய், ஒலிபெருக்கியில் யாரோ கிழவர் பேசுவதுபோல் இருந்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உடம்பு தன் தைராய்டையே தாக்கும் வியாதி என்றார்கள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அளவு ஏறிக்கொண்டே போனதே தவிர பலன் இல்லை.

அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டுக் கோதுமையை விட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தெம்பு வந்தது. அதைச் சொன்னதற்கு டாக்டரம்மா கோபித்துக்கொண்டார்.

"இந்தத் தைராய்டு இருக்கிற சில பேருக்குக் கோதுமை ஒத்துக்காம குடலும் கெட்டுப்போகும். சீலியாக்னு பேரு. குடல் கெட்டா மாத்திரை சரியா உடம்புல சேராது. ஆனா நீங்க கோதுமையை நிறுத்திட்டா டெஸ்ட்ல எதுவும் தெரியாதே! ரெண்டு மாசம் தினமும் கோதுமை ரொட்டி சாப்பிட்டுட்டு வாங்க."

அன்று கணவன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது ஒரே வரி: "இவளுக்கு தினமும் ரொட்டி குடுக்கணுமாம்மா."

முதல் நாள் சாப்பிட்டதுமே மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். மாமியார் வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலையிலும் தட்டில் ரொட்டி இருந்தது. கல் நெஞ்சு என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் போகப் போக வலி நின்றது. முடி உதிர்வது குறைந்தது. குரல்கூடத் திறந்துகொண்டது. அதுதான் இப்போது அவளைப் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவன் அவள் கையைப் பிடித்தான். "ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு? நல்லாத்தானே இருக்கே?"

"கோதுமைதான்னு சொல்லிட்டா நிம்மதிங்க. அதை விட்டுட்டா முடிஞ்சுது. இல்லைன்னு சொல்லிட்டா? எதுனால வந்துச்சுன்னும் தெரியாது, எதுனால போச்சுன்னும் தெரியாது. நாளைக்கே திரும்பி வந்தா எதைன்னு விடுவேன்?"

பக்கத்தில் மாமியார் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "கூப்பிடறாங்க, எழுந்திரு," என்றாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"தினமும் சாப்பிட்டீங்களா? ஒரு நாளும் விடலையே?"

"எங்கம்மா விட்டாத்தானே டாக்டர்!" என்றான் கணவன். "பக்கத்துலயே போலீஸ் மாதிரி நிப்பாங்க."

"அப்ப சீலியாக் இல்லை. டெஸ்ட் சுத்தமா இருக்கு. தைராய்டு அளவும் நல்லா சீராகியிருக்கு. கோதுமையைத் தாராளமா சாப்பிடுங்க."

மருமகளின் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்ப எனக்கு என்னதான் டாக்டர்? நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"அட, நல்ல சேதிக்கு யாராவது அழுவாங்களா?" கணவன் அவள் தோளைத் தட்டினான். "போற வழியில பெரிய கேக்கா வாங்கி, நானே ஊட்டி விடறேன்."

"ஊட்டுவே, ஊட்டுவே!" நாற்காலி கிறீச்சிட மாமியார் எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"டாக்டரம்மா, அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுங்க. முதல் நாள் இவ துடிச்சதை என்னால பார்க்க முடியலை. ரத்தத்துல ஊறின வியாதி, ரொட்டியை மாத்தினா டெஸ்ட்டுல தெரியாமலா போயிடும்னு நெனச்சு, மறுநாள்லேர்ந்து இவளுக்கு நான் சுட்டுப் போட்டது அத்தனையும் அரிசி மாவு ரொட்டி!"