பெயர் சொல்ல விரும்பாதவர்

"இன்றைய பூசை, எங்கள் பங்கைச் சேர்ந்த வசந்தினி எமில்ராஜ் செய்த எல்லாவற்றுக்கும் நன்றியாக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஒப்புக்கொடுப்பவர், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்."

கோயில் வேலைகளைப் பார்க்கும் சூசைதாசன் ஒலிவாங்கியில் வாசித்து முடித்ததும், குருநகர்த் தேவாலயத்தில் இருந்த தலைகள் எல்லாம் பெண்கள் பக்கம் திரும்பின. வசந்தினி மட்டும் அசையாமல் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருநாளுக்குக்கூடப் பெட்டியை விட்டு வெளியே வராத நீலப் பட்டுச் சேலையை, சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கட்டியிருந்தாள்.

ஆண்கள் பக்கம் இருந்த அவள் புருசன் எமில்ராஜுக்கு அதன்பிறகு பூசையில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. பக்கத்தில் இருந்தவன் வேறு முழங்கையால் இடித்து, "நீங்களோ அண்ணை?" என்றான். ஓமென்றால் பொய், இல்லையென்றால் மானம் போய்விடும். எமில்ராஜ் இருமினான்.

பூசை முடிந்ததும் நேரே போய்ச் சூசைதாசனைப் பிடித்தான்.

"ஆர் குடுத்தது?"

"பேர் சொல்ல வேண்டாமெண்ட ஆளின்ரை பேரை நான் எப்பிடித் தம்பி சொல்லுறது?"

"எனக்குத் தெரிஞ்ச ஆளோ?"

சூசைதாசன் மெழுகுதிரியை ஊதி அணைத்தார். "தெரிஞ்ச ஆள்தான். ஆனா உமக்கு வடிவாத் தெரியுமோ எண்டு எனக்குத் தெரியாது."

ஓட்டோக்காரன் றோய்தான் என்று எமில்ராஜ் முடிவுகட்டினான். எமில்ராஜ் மீன்பிடி வள்ளத்தில் விழுந்து இடுப்பு முறிந்து ஒரு வருசம் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவன் றோய். எழும்பி நடந்த கையோடு எமில்ராஜும் நன்றிப் பூசை கொடுத்தான். அந்தோனியாருக்கு, டொக்டருக்கு, மருந்து அனுப்பிய கனடா அண்ணைக்கு, றோய்க்கு என்று பெயர் பெயராக வாசிப்பித்தான். வந்தவர்களுக்கு வசந்தினி சமைத்துப் போட்டாள்.

அப்படிப் பெயர் வாசிப்பித்தும் பார், நன்றி கெட்டவன் என்று இப்போது பல்லைக் கடித்தான். வாசலில் நின்ற றோயோ பல்லைக் காட்டினான். "அக்காவுக்கு உந்தப் பூசை குடுக்கத்தான் வேணும் அண்ணை!"

வீட்டுக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், எமில்ராஜ் பாய்ந்தான். "வாசிக்கப்போறது உனக்கு முந்தியே தெரியும். இல்லாட்டி ஏன் உந்தப் பட்டு?"

"ஓம், தெரியும்."

அவனுக்கு, இவள் போய்விட்டால் என் கதி என்ன என்ற பயமும் கோபத்தோடு கோபமாக வந்தது.

"நன்றி சொல்லுற அளவுக்கு நீ அவனுக்கு என்ன செய்தனி?"

"தூக்கி இருத்தினனான். குளிப்பாட்டினனான். பீ மூத்திரம் அள்ளினனான். விடியவிடிய முழிச்சிருந்தனான்."

"அதெல்லாம் எனக்கெல்லோ செய்தனி!" என்று கத்தினான்.

வசந்தினி கண்ணாடி முன் நின்று பட்டின் மடிப்பைச் சரிசெய்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"உங்கடை பூசையிலை, இந்தா என்ரை பேர் வருது, வருது எண்டு கடைசிவரைக்கும் காதைக் குடுத்துக்கொண்டு இருந்தனான். இனி ஆரின்ரை வாயையும் பாத்துக்கொண்டிருக்க மாட்டன்."

"அப்ப... ஆர் குடுத்தது?"

"நான்தான்."