ஈர இறக்கை

வீட்டிலேயே தூசி பறக்காத இடம் குளியலறைதான் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து தணிகாசலத்தின் குட்டி விமானங்களெல்லாம் அங்கேதான் வார்னிஷ் பூசிக்கொள்கின்றன. சுவரெல்லாம் தண்ணீர் தெளித்து, மிச்சமிருக்கும் தூசியையும் அடக்கிவிட்டுத்தான் ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பார். போன தடவை ஒரு கொசு வந்து இறக்கையில் ஒட்டிக்கொண்டது. அதைத் தேய்த்தெடுத்து, இப்போதுதான் மறுபடி பூசி முடித்திருந்தார். விடிந்தால் கண்காட்சி.

"ஏங்க, கல்யாணத்துக்குக் கிளம்பணும். உங்க ஏரோப்ளேன் குளிச்சு முடிச்சிருச்சுன்னா நான் குளிக்கலாமா?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் அவர் மனைவி மரகதவல்லி.

"கதவைச் சாத்துடி, கொசு வந்துரும்!"

வந்தேவிட்டது. அவள் பின்னாலேயே நுழைந்த கொசு ஈர இறக்கைக்கு மேல் வட்டமடித்தது. அவர் கையை ஓங்கினார்.

"ஐயோ, அடிக்காதீங்க. அந்தக் காத்துல அது நேரா வார்னிஷ் மேலயே விழும்."

மரகதவல்லி வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு, வெறுங்கையை இறக்கைக்குப் பக்கத்தில் அசையாமல் நீட்டினாள். கொசு கொஞ்சம் யோசித்தது. பிறகு அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.

"கடிக்குதா?"

"குடிக்கட்டும் விடுங்க. உங்க அக்கா குடிச்சதுக்கு இது எம்மாத்திரம்!"

சிரித்தால் காற்றுப்படும் என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஜன்னல் வெளிச்சம் இறக்கை முழுக்க வழுக்கிக்கொண்டு கிடந்தது. அப்போது கதவிடுக்கில் இன்னொரு ரீங்காரம் கேட்டது.

மரகதவல்லி அடுத்த கையையும் நீட்டினாள்.