மூணு சக்கரமும் ஒரு வாரத் திட்டும்

"ஓடுற வண்டியை எதுக்குங்க பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

கேட்டுக்கொண்டேதான் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள் அவள். போனை எடுக்காத கணவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவள். பிக்கப் வண்டி ஜாக்கி மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன் சக்கரம் இரண்டையும் காணோம்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுமில்ல மேடம். இந்த வண்டியில பின் சக்கரத்துக்கு ஆறு போல்ட், முன் சக்கரத்துக்கு அஞ்சு போல்ட். இதை அங்க மாட்ட முடியாது, அதை இங்க மாட்ட முடியாது. சார் முன்னாடியும் ஆறா மாத்தச் சொல்லிட்டார். ஹப்பு, டிஸ்க்கு, சக்கரம் எல்லாமே வேற போடணும்."

"எட்டு வருஷமா அப்படியேதானே ஓடுச்சு?"

"எட்டு வருஷமா ரெண்டு ஸ்டெப்னி சுமக்கிறேன்ல?" என்றார் கணவர். "முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணு. இனிமே ஒண்ணு போதும்."

"வண்டிதானே சுமக்குது? நீங்களா தலையில வச்சுத் தூக்கிட்டுப் போறீங்க?"

மெக்கானிக் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கேதான் பாதுகாப்பு.

அவள் கோபத்துக்குக் காரணம் வேறு.

"என் தம்பி வண்டி ஒரு மாசமா செங்கல் மேல நிக்குது. எவனோ முன் சக்கரம் ரெண்டையும் கழட்டிட்டுப் போயிட்டான். திங்கட்கிழமை வண்டி வரலைன்னா பிஸ்கட் கம்பெனி வேற ஆளைப் போட்டுக்கும். பொழப்பே போயிடும் அவனுக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணத் தோணல, உங்க வண்டிக்கு அலங்காரம் கேக்குதா?"

"நான் குடுத்தா உன் தம்பி வாங்கிக்குவானா?"

போன வருஷம் தம்பி வண்டியில் கிளட்ச் போனபோது, இவர் அவனுக்குத் தெரியாமல் ரிப்பேர் பில்லைக் கட்டிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவன் பணத்தைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தான். அப்புறம் மூன்று மாதம் இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கவில்லை. அவ்வளவு ரோஷம்.

"அதுக்காக அப்படியே விட்டுடறதா?"

"அவனா கேட்டா குடுக்கிறேன்."

"அவன் எந்த ஜென்மத்துல வாயைத் திறந்து கேட்டிருக்கான்?"

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குத்தான் போன் போட்டாள். "உங்க மாமா பண்ற கூத்தைக் கேளுடா" என்று ஆரம்பித்தவள், அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நிறுத்தினாள்.

மறுநாள் வண்டி ஆறு போல்ட்டோடு கம்பீரமாக வந்து நின்றது. கழற்றிய சக்கரம் இரண்டு, தேவையில்லாமல் போன ஸ்டெப்னி ஒன்று, ஆக மூன்றும் வராந்தாவில் வந்து உட்கார்ந்தன. துடைப்பம் எடுக்கப் போனால் இடித்தது. துணி காயப் போடப் போனால் இடித்தது. இடித்தபோதெல்லாம் திட்டினாள். தம்பிக்குத் தினமும் நேரடி ஒலிபரப்பு. பக்கத்து வீட்டு ஜன்னல் முதல் நாள் ஆசையாகத் திறந்தது. மூன்றாம் நாள் அதுவே மூடிக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் தம்பியே வந்துவிட்டான்.

"அக்கா, போதும் விடு. மாமா வண்டி, மாமா இஷ்டம்."

"வாடா. வந்து பாரு, எப்படி அடைச்சு வச்சிருக்காருன்னு!"

கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரன் வர்றான். இது ஒழிஞ்சாத்தான் எனக்கு இந்த வீட்டுல சோறு."

தம்பி குனிந்தான். டயரில் விரலை விட்டுப் பார்த்தான். அப்புறம் போல்ட் ஓட்டைகளை எண்ணினான்.

"மாமா, டயர் பாதிகூடத் தேயலையே!"

"தேயலைன்னா என்ன? என் வண்டிக்கு ஆகாது."

"அதுக்காக எடைக்குப் போடுவீங்களா? என் வண்டிக்கு அஞ்சு போல்ட்தான் மாமா!"

"அப்படியா?"

"அப்படியாவா! நல்ல சக்கரத்தைப் போய்... உங்களுக்கு விவரமே பத்தல. அக்கா திட்டுறதுல தப்பே இல்ல. ரெண்டை நான் எடுத்துக்கிறேன்."

"மூணையும் எடு. இடம் ஒழியட்டும்."

அரை மணி நேரத்தில் நண்பனின் வேன் வந்தது. மாமாவுக்குப் பெரிய உபகாரம் செய்த தோரணையில், விசிலடித்துக்கொண்டே சக்கரங்களை உருட்டிக்கொண்டு போனான் தம்பி. "திங்கட்கிழமை லோடு ஏத்திட்டு இந்த வழியாத்தான்கா போவேன். வாசல்ல நில்லு!"

வேன் தெரு திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"மணி நாலு ஆகப் போகுது. இரும்புக்காரனுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடுங்க, பாவம்."

"எந்த இரும்புக்காரன்?"

பேப்பரை அவர் அப்போதுதான் இறக்கினார். சிரிப்பை அடக்கி அடக்கி முகமே சிவந்திருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, ஒரு வாரமா வாய் வலிக்க உங்களைத் திட்டியிருக்க மாட்டேனே?"

"அதனாலதான் சொல்லல" என்றார் அவர். "நீ மனசாரத் திட்டினாத்தானே உன் தம்பி நம்புவான்?"