கதவில் ஐந்து விரல்

“வந்ததும் வராததுமா கதவுல கைய வெச்சாச்சா? போன வாரம்தானே தேய்ச்சுக் கழுவினேன்!”

மனைவி போட்ட சத்தத்தில் சாயக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். கதவில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“ஊர்ல எல்லாரும்தான் வேலைக்குப் போறாங்க. உங்கள மாதிரி யாராவது வேலையக் கையோட வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றாங்களா?”

“விடேம்மா. பாவம், அப்பா களைச்சுப் போய் வந்திருக்காரு.” உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

“நீ படிக்கிற வேலையப் பாரு. அடுத்த வாரம் பரீட்சை!”

சாயக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பதிலுக்குச் சத்தம் போட உடம்பில் தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து படியேறிய சாயப்பட்டறைகளில் எல்லாம் ஒரே பதில்தான். ஆள் வேண்டாம்.

வேலை பார்த்த பட்டறையில் புது மிஷின் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. தெரிந்தால், பரீட்சையாவது ஒன்றாவது என்று மகள் ஏதாவது கடையில் வேலைக்குப் போய் நிற்பாள். பிடிவாதக்காரி. எழுதி முடிக்கிற வரைக்கும் எப்படியாவது ஓட்டிவிட வேண்டும்.

அதனால்தான் தினமும் சாயங்காலம், பஸ் ஸ்டாண்ட் குழாயடியில் சிட்டிகை சிவப்புச் சாயப்பொடியைக் குழைத்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டு வருகிறார். ஒரு காலத்தில் இதே சிவப்பு போகாதா என்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த கை.

பின்கட்டுக் குழாயைத் திறந்தார். மனைவி சோப்போடு பின்னாலேயே வந்தாள்.

“துண்டுல துடைச்சிடாதீங்க! அதையும் நான்தான் துவைக்கணும்!”

கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாகியும் இவளுக்கு என் கைதான் கண்ணில் படுகிறது, ஒரு நாளாவது முகத்தைப் பார்க்கத் தோன்றுகிறதா? அவருக்கு மனசு கசந்தது.

தண்ணீர் சிவப்பாக ஓடி, சீக்கிரமே தெளிந்தது. உள்ளே மகள் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

மனைவி அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்கு ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி வெச்சுத் தர்றேன். உப்புப் போட்டுக் கரைச்சுப் பூசிக்குங்க. பச்சைத் தண்ணியில குழைச்சா ஒரே கழுவுல போயிடுது, பொண்ணு கண்டுபிடிச்சிடுவா.”