முன்சுவர்

"இந்த மாம்பழ மஞ்சளை மட்டும் அடிச்சே, தெருவே ஆஸ்பத்திரிக்குப் போவும்பா" என்றார் பெரியவர்.

சாரத்தின் மேல் நின்றிருந்த பெயிண்டர் ராமராஜன் பிரஷ்ஷை இறக்கினான். செவிலிமேட்டில் புதிதாகக் கட்டிய அந்த வீட்டின் முன்சுவரில் நாலு சாம்பிள் பூசி வைத்திருந்தான். முதலாவதற்கே இந்தக் கதி.

வீட்டுக்காரர் சிவராஜுக்குச் சென்னையில் வேலை. "நாளைக்கு எங்க அப்பா வருவாரு. அவர் கை காட்டறதுதான் கலர். நீயும் பேசாத, நானும் பேசமாட்டேன்" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார். இன்று காலை ராமராஜன் டப்பாவைத் திறக்கும்போதே, வேட்டியும் துண்டுமாக ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். பெயர் குமாரசாமி என்றார். அதற்கு மேல் ராமராஜன் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அடித்த பிறகு பெரியவர் முகம் சுளித்தால் எல்லாம் முதலிலிருந்து. அவனுக்கு அந்தக் கவலை.

"மஞ்சளுக்கு இன்னா குறைச்சல் ஐயா? இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

"பிள்ளையார்பாளையத்துல நாங்க குடியிருந்த தெருவுல ஒருத்தன் அடிச்சான். ஒரே வாரத்துல எதிர் வீட்டுக்காரனுக்கு மஞ்சக்காமாலை. கண்ணு மஞ்சள், நகம் மஞ்சள், கட்டின வேட்டியும் மஞ்சள். மாசக்கணக்குல கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க, தீரல. அப்புறம் அந்தச் செவுத்துக்கு வெள்ளை அடிச்சாங்க. அன்னிக்கே குணம்."

சொன்னவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"சரி, இந்தப் பளபளா எமல்ஷன்? அழுக்குப் பட்டா தண்ணி ஊத்திக் கழுவிக்கலாம்."

"எங்க சம்பந்தி ஊட்ல அடிச்சாங்க. ஒரு சேவல் செவுத்துல தன்னையே பார்த்துட்டு சண்டைக்குப் போச்சு. சோறு தண்ணி இல்லாம சண்டை."

"எது ஜெயிச்சுது ஐயா?"

"செவுத்துல இருந்தது."

ராமராஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாவதைக் காட்டினான். "சொரசொரப்பா டெக்ஸ்சர். விரிசல் விட்டாலும் தெரியாது."

"ஏனாத்தூர்ல ஒரு பல்லி இதுல ஏறிட்டு, மேடு பள்ளத்துல வழி தெரியாம சுத்திக்கினு கெடந்துது. கடைசியில ஏணி போட்டுத்தான் எறக்கினாங்க."

மிச்சம் இருந்தது கிளிப்பச்சை. பெரியவர் அதற்குக் கதை சொல்லவில்லை. மடியிலிருந்து ஒரு கொத்துப் பட்டு நூலை எடுத்தார். நல்ல அரக்குச் சிவப்பு. அதைப் பச்சைக்கு முன்னால் பிடித்து, சுவரைப் பார்க்காமல் நூலையே பார்த்தார்.

"செத்துப்போச்சு" என்றார்.

"எது ஐயா?"

"அரக்கு." நூலோடு சுவர் ஓரமாக நகர்ந்தார். "இந்த மூலையில இருக்குதே, இது இன்னா?"

"அது பெயிண்டுக்கு முன்னாடி பூசற வெறும் பட்டி. மேல ஒண்ணும் அடிக்கல."

"இதான். இந்த வெள்ளை. மினுமினுப்பு இல்லாம அடி."

"இவ்ளோ செலவு பண்ணிக் கட்டிட்டு வெறும் வெள்ளையா ஐயா?"

"பொழுது விடிஞ்சா பொழுது போனா நான் பார்த்துக்கினு உக்காரப்போற செவுருபா. வர்ணம் செவுத்தோட நிக்காது. வெளிச்சத்துல ஏறி எதிர்ல இருக்கறது மேல எல்லாம் உக்காரும். என் கண்ணை ஏமாத்திச்சுன்னா என் பொழப்பு போச்சு."

"அப்ப உள்ள, ஹாலுக்கு?"

"உள்ள இன்னா வேணா அடி. கருப்பு அடிச்சாலும் எனக்குச் சரி."

உள்ளே மருமகள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார், தங்கமான மாமனார் என்று ராமராஜன் நினைத்துக்கொண்டான்.

அதற்குள் பெரியவரின் மனைவி தையல்நாயகி காபியோடு வந்தார். இன்னும் பால்கூடக் காய்ச்சாத வீட்டில், டம்ளரில் ஆவி பறந்தது. நல்ல காபி கிடைக்கிற இடத்தில் ராமராஜன் கேள்வி கேட்பதில்லை.

மறுநாள் சாயங்காலம் முன்சுவர் முழுக்க வெள்ளை. மினுமினுப்பு துளிகூட இல்லை. ராமராஜன் ரோலரைக் கழுவும்போது போன் அடித்தது. கையெல்லாம் ஈரம். ஸ்பீக்கரில் போட்டான். சிவராஜ்.

"ராமராஜா, தப்பா நெனைக்காதபா. அப்பாவுக்கு முட்டி வலி. நேத்து பஸ் ஏறவே இல்ல. நாளைக்குத்தான் வர்றாரு. அதுவரைக்கும் முன்செவுத்துல கை வைக்காத."

போன் ஓய்ந்தது. ராமராஜன் சுவரைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பினான்.

எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தறியில் பாதி நெய்த அரக்குச் சேலை. அதன் முன்னால் உட்கார்ந்து, நூல் கொத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார் குமாரசாமி.

"தையல்நாயகி, இப்ப அரக்கு அரக்காவே தெரியுதும்மா" என்று உள்பக்கம் சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சிவராஜ் அப்பா நாளைக்கு வந்தா, செவுத்தைக் காட்டறதுக்கு முன்னாடி இங்க காபிக்கு அனுப்புபா. கீழாநெல்லி குடிச்ச எதிர் வீட்டுக்காரன் கூப்பிட்டான்னு சொல்லு."