பூக்கட்டும் முடிச்சு

கயாக் படகுக்கான பலகைகள் பெட்டியில் வந்திருந்தன. அவற்றைச் செம்புக்கம்பியால் தைத்து, இணைப்புகளில் பசை பூசி, அது காய்ந்ததும் கம்பிகளை உருவிவிட வேண்டும். ஹாலில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவள் மனைவி செண்பகவல்லி. தணிகாசலம் உருவப் பார்த்தபோது ஒரு கம்பியும் அசையவில்லை. எல்லாவற்றிலும் பூக்கட்டும் முடிச்சு போட்டிருந்தாள்.

"சும்மா முறுக்கி விடுன்னுதானே சொன்னேன்?"

"நடுத்தண்ணில பிரிஞ்சு போச்சுன்னா? உங்களப் புடிச்சு இழுக்க எனக்கு நீச்சல்கூடத் தெரியாது."

முனகிக்கொண்டே ஒவ்வொரு முடிச்சாகக் குறட்டால் வெட்டி எடுத்தார். இருக்கைக்குப் பின்னால் இருந்த கடைசி முடிச்சை மட்டும் விட்டுவிட்டார்.

ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய படகு அது. ஏரியில் முதல் துடுப்புப் போட்டதும் அந்த முடிச்சு முதுகில் குத்தியது. கரையில் நின்றவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.