சோபாவுக்குத் தெரிந்த ரசனை

ஒரு சபாவின் முதல் வரிசையில் ஒரு சோபாவும், அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தன. சோபாவில் எப்போதும் நாகசுந்தரம் என்ற பெரிய ரசிகர்தான் உட்காருவார்.

அன்று வயலின் கச்சேரி முடிந்ததும் வாசித்த அம்மாவிடம் அவர் போய், “பைரவி பிரமாதம். கடைசியில் அந்தச் சின்னத் துக்கடா எதற்கு? அதெல்லாம் பின் வரிசைக்காரர்களுக்கு,” என்றார்.

“உன் ஆளுடைய ரசனையே தனி,” என்றது நாற்காலி.

“நீ வேற! பைரவி முக்கால் மணி நேரம். மனுஷன் மொத்த பாரத்தையும் என் மேல் போட்டுச் சாய்ந்து கிடந்தார். ரெண்டு கொட்டாவி வேறு,” என்றது சோபா.

“துக்கடாவுக்கு?”

“அந்த அஞ்சு நிமிஷமும் அவர் முதுகு என் மேல் படவே இல்லை.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னார்?”

“முதல் வரிசையாச்சே!”

அடுத்த மாதம் அதே அம்மா வாசிக்க வந்தார். தோடியை விஸ்தாரமாக வாசித்தார். நாகசுந்தரம் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தோடி முடிந்ததும் நிமிர்ந்து, சோபாவின் நுனிக்கு நகர்ந்தார்.

அந்த அம்மா அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். துக்கடா எதுவும் வாசிக்காமல் நேராக மங்களம் வாசித்து முடித்துவிட்டார்.

கூட்டம் எழுந்து போனது. நாகசுந்தரம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மாவே இறங்கி வந்து, “இன்னிக்கு உங்களுக்குத் திருப்திதானே?” என்று கேட்டார்.

“பரம திருப்தி,” என்றார் நாகசுந்தரம், நுனியில் உட்கார்ந்தபடியே.